நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கால் தொட்டி: வாங்கலாமா?

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் கடைக்குள் நுழைந்தால் இரவு ஷட்டர் இறக்கும் வரை காலுக்கு ஓய்வு கிடையாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் பிரிவிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் முகூர்த்த மாதத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து வந்து நிற்கும்போது ஸ்டூலைத் தேடவா முடியும்? வீட்டுக்கு வரும்போது குதிகால் கொதிக்கும், கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். அதனால்தான் தீபாவளி போனஸில் கால் வைக்கிற மின்சாரத் தொட்டி ஒன்று வாங்கினேன். மழைக்காலம், பனிக்காலம் தாண்டி இப்போது வெயிலும் வந்துவிட்டது. இனி தைரியமாக எழுதலாம்.

விலை மூவாயிரத்துச் சொச்சம். ஒரே மாதிரித் தொட்டியைப் பல பெயர்களில் விற்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை, என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு காலும் கணுக்கால் மூழ்க உள்ளே போகும். 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 500 வாட் ஹீட்டர், குமிழி விடும் மோட்டார், அடியில் உருளைகள், ஒரு சிவப்பு விளக்கு, சூட்டைக் காட்டும் சின்னத் திரை. அவ்வளவுதான்.

இதில் காசு கொடுத்து வாங்கத் தக்கது ஹீட்டர் ஒன்றுதான். அதுவும் சூடாக்குவதற்காக இல்லை, ஏற்றிய சூட்டை இறங்காமல் வைத்திருப்பதற்காக. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் 40 டிகிரிக்கு வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. களைத்து வந்த மனுஷிக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிய நேரம். அடுப்பில் ஒரு செம்பு வெந்நீர் வைத்துக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். அதற்கப்புறம் அது கீழே இறங்காது. சாதாரண டப்பில் வைத்தால் சுகம் தெரிய ஆரம்பிக்கும்போதே தண்ணீர் ஆறிவிடும், மறுபடி எழுந்து அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். இங்கே உட்கார்ந்த இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் இருக்கலாம். என் காலைச் சரியாக்கியதில் பாதி அந்த உட்கார்ந்திருப்புதான் என்று நம்புகிறேன். அரை மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் மின்சாரம்தான், பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

குமிழியை நான் நிறுத்திவிட்டேன். அது ஓடினால் தண்ணீர் சீக்கிரம் ஆறுகிறது, ஹீட்டர் அதோடு மல்லுக்கட்டுகிறது. சத்தமும் மிக்சி ஓடுகிற மாதிரி, பக்கத்தில் பிள்ளை படிக்க முடியாது. உருளைகள் தானாகச் சுற்றாது, நாம்தான் உள்ளங்காலை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். அது நன்றாகத்தான் இருக்கிறது, குறிப்பாகக் குதிகால் நடுவில். சிவப்பு விளக்கை அணைத்தும் பார்த்தேன், போட்டும் பார்த்தேன், காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இந்த மூன்றுக்காகக் கூடுதல் ஆயிரம் ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுக்கைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் கால் வைத்தால் சீக்கிரம் கண் அசருகிறது. இது என் மனப்பிரமை இல்லை. படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன் 40 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் குளிப்பதும், கால் நனைப்பதும் தூக்கம் பிடிக்கிற நேரத்தைக் குறைக்கிறது என்று, நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள். சூட்டில் கால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அது வழியாக உடம்பின் உள்சூடு வெளியேறுகிறது, உள்சூடு இறங்கும்போது தூக்கம் வருகிறது. ஆகவே படுக்கப் போகிற நிமிடத்தில் வைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டால் கணக்குச் சரியாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் இரண்டு தண்ணீர்: குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், வீட்டு போர் தண்ணீர். போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிய மாதத்தில் ஹீட்டர் தகட்டில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்து, சூடு ஏறவே மாட்டேன் என்றது. எலுமிச்சை உப்பு (கடையில் விற்கிற சிட்ரிக் அமிலம்) ஒரு ஸ்பூன் போட்டு வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் மட்டும்தான். பொதிகையில் பிறந்து பாபநாசம் இறங்கி வருகிற தண்ணீரை அஞ்சு லிட்டர் காலுக்குச் செலவழிப்பதா என்று மதினி கேட்டாள். நியாயமான கேள்வி. தினமும் வேண்டாம், கால் கேட்கிற நாளில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மதினிக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. “ஏட்டி, இதுக்கு நம்ம பிளாஸ்டிக் டப்பு போதாதா? ஆச்சி அங்கணத்துல நொச்சி போட்டுத்தானே கால் வச்சா?” போதும். நொச்சி இலையைக் கொதிக்கவைத்துக் கால் வைக்க வேண்டுமென்றால் டப்புதான் சரி, இந்தத் தொட்டியில் இலைத்துணுக்கு உருளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கல் உப்பும் அப்படித்தான். ஹீட்டர் அரித்துவிடும், போடாதீர்கள் என்று கூடவே வந்த தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சுடச்சுட வெந்நீர் ஊற்றிக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் தொட்டி வேண்டியதில்லை. எனக்கு இல்லை. அண்ணனும் மதினியும் நான் வரும்போது தூங்கியிருப்பார்கள்.

சித்திரை, வைகாசியில் இதைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். அந்த மாதங்களில் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரே இரவு வரை சுடுகிறது. அப்போது பானைத் தண்ணீரை முழங்காலிலிருந்து கீழே ஊற்றிக்கொண்டு தார்சாவில் உட்கார்ந்தால் போதும். ஜெர்மனியில் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டிலேயே, குளிர்ந்த தண்ணீரில் கெண்டைக்கால் நனைய நடக்கச் சொல்லி வைத்தியம் பார்த்தார். தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படியில் இறங்கிக் கொஞ்சம் நடந்து பாருங்கள், கால் லேசாவது அங்கேயே தெரியும்.

இனி யார் வாங்கக் கூடாது என்பது. இதை எங்கள் கடைப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் வைக்கவே வேண்டாம். காலில் உணர்ச்சி மழுங்கியிருந்தால் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் பார்ப்பார்கள், அந்தப் புண் ஆறாமல் இழுக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளை நான் தொடவிடுவதில்லை. வெதுவெதுப்பில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுவதோடு சரி. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் (வெரிகோஸ் வெயின்) டாக்டரைக் கேட்காமல் வெந்நீரில் வைக்காதீர்கள், அவர்களுக்குத் தலையணை மேல் காலைத் தூக்கி வைப்பது நல்லது. எங்கள் வேலையில் அது நிறையப் பேருக்கு இருக்கிறது.

மின்சாரமும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மூன்று முள் பிளக், எர்த் சரியாக உள்ள சுவிட்சில் மட்டும். முதலில் தண்ணீர், பிறகு பிளக். காலை வெளியே எடுக்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள், அணைக்கிற கை உலர்ந்திருக்கட்டும்.

ஊற்றிக் கொட்டுவதுதான் இதில் பெரிய குறை. வடிகுழாய் இல்லாததை வாங்காதீர்கள். 5 லிட்டரோடு தொட்டியைத் தூக்கினால் முதுகு பிடிக்கும், வாயும் அகலம், பாதி தரையில் கொட்டும். என்னுடையதில் குழாய் இருக்கிறது, ஆனால் ஒரு முழம்தான். அங்கணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தானாக வடிந்துவிடும். உப்போ சோப்போ போடாத தண்ணீர் என்பதால் ஆறியதும் வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன்.