எஸ்டிமேட்டில் தெர்மோஸ்டாட், வண்டியில் வெறும் தட்டு

பழைய ஹோண்டா சிட்டியை ஆபீஸுக்கும் ஓட்டிக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் கொண்டுபோகிறவர்கள் ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆற்றும் குட்டி ரேடியேட்டர்) போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 42,000 ரூபாய் போனது. இன்ஜின் போகாதது யார் செய்த புண்ணியமோ.

வண்டி 1.5 விடெக், 106 குதிரைத்திறன். டிராக்கில் நாலு லேப் அழுத்தினால் ஆயில் மீட்டர் 130 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஆயில் நீர்த்துப்போய் பிரஷர் இறங்கும். அதனால்தான் கூலர் யோசனையே வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பட்டறை. டிராக் வண்டி நிறைய செய்தவர் என்றார்கள். "அண்ணே, ரோட்டுலயும் ஓடணும், டிராக்லயும் ஓடணும்" என்று இரண்டு தடவை சொன்னேன். 19 வரிசைக் கூலர், தெர்மோஸ்டாட் வைத்த சாண்ட்விச் பிளேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்று வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. ஆனால் கடைசியில் கொடுத்த பில்லில் 'கூலர் கிட் 1 செட்' என்று ஒரே வரி. அங்கேயே நான் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

சாண்ட்விச் பிளேட் என்பது இன்ஜினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் உட்காரும் தட்டு. அதில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்துத் திறக்கும் வால்வு, இருந்தால், ஆயில் 80 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்வரை கூலர் பக்கம் பெரிதாகப் போகாது. இல்லாவிட்டால், காலையில் சாவி திருப்பிய நொடியிலிருந்தே மொத்த ஆயிலும் முன்னால் போய்க் காற்று வாங்கிவிட்டு வரும். டிரெய்லரில் ஏறி டிராக்குக்கு மட்டும் போகிற வண்டி என்றால் அது பரவாயில்லை. தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆபீஸ் போகிற வண்டிக்கு, தெர்மோஸ்டாட் இல்லாத கூலரை விடக் கூலரே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கட்சி.

டிசம்பர் மழையில் முள் 65க்கு மேல் ஏறவில்லை. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஃபில்டர் காபி நுரை மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட் போச்சு சார், இருபத்தஞ்சு ஆகும்" என்றார். அது போனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்து இப்படி நுரைக்கும். ஆனால் கூலன்ட் ஒரு சொட்டுகூடக் குறையவில்லையே என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். ஆயில் சரியாகச் சூடாகாததால் அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் டிராக் டே. ஐந்தாவது லேப், மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவில் பிரேக் மிதிக்கும்போது ஆயில் விளக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை. உடனே இன்ஜினை அணைத்துப் புல்லில் இறக்கிவிட்டேன். மார்ஷல் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடியை எடுத்து ஆட்டினார். பாதை வழுக்குகிறது என்று அர்த்தம். வழுக்கியது என்னுடைய ஆயில். செஷனை நிறுத்திச் சுத்தம் செய்யும்வரை வண்டிகள் காத்து நிற்கும் பிட்டில் ஒருத்தர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அந்த இன்ஜினில் ஃபில்டர் பின்பக்கம், டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே ஒளிந்திருக்கும். பானெட்டைத் திறந்தால் தெரியாது. வேறொரு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. பிளேட் வெறும் தட்டு; தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய புடைப்பே அதில் இல்லை. ஹோஸ் முனைகளில் சிவப்பும் நீலமுமாக ரேஸ் ஃபிட்டிங் போலவே மின்னியது வெறும் அலுமினிய மூடி. ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே பத்து ரூபாய் ஹோஸ் கிளிப். மேலே சுற்றியிருந்த கறுப்பு நைலான் உறையைக் கிழித்துத் துடைத்துப் பார்த்தால், ரப்பர் மேல் வெள்ளை எழுத்தில் 'ஏர் / வாட்டர்' என்று அச்சடித்திருக்கிறது. பஞ்சர் கடையில் காற்றடிக்கிற குழாய்! சூடான ஆயிலில் ஊறி நுங்கு மாதிரி கொழகொழத்து, வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் உரசிய இடத்தில் பிளந்திருந்தது.

பட்டறைக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். "டிராக்ல ஓட்டினா நாங்க பொறுப்பு இல்ல சார்" என்று பதில். நான் எதற்காகக் கூலர் போடச் சொன்னேன் என்று நினைத்தாரோ! கூலிக் காசு 3,000 மட்டும் திருப்பித் தருகிறேன் என்றார், வாங்கவில்லை.

ஏற்கெனவே கூலர் போட்டவர்கள் ஒன்று செய்து பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கை போகாமல் கூலருக்குப் போகும் ஹோஸைத் தொடுங்கள். இன்ஜினோடு சேர்ந்து அதுவும் உடனுக்குடன் சுட ஆரம்பித்தால் உங்களுக்கும் வெறும் தட்டுதான். நல்ல பிளேட்டாக இருந்தால் வெதுவெதுப்பு மெதுவாகத்தான் வரும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் எஸ்டிமேட்டைப் பிரிண்ட் எடுத்தாயிற்று. கிழிந்த ஹோஸ் பால்கனியில் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து.