இந்த மாற்றம் எந்தக் கிளையில் பிறந்தது: கிட்டா, மெர்குரியலா?

கிட் (Git), மெர்குரியல் (Mercurial) இரண்டும் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்கள்; கிளை என்பது அதில் தனியாக நடக்கும் வேலைப் பாதை. இரண்டுமே 2005 ஏப்ரலில் வந்தவை. ஆனால் ஒரு மாற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும்.

கிளைப் பெயர்: மெர்குரியலில் ஒவ்வொரு கமிட்டுக்குள்ளேயே (பதிவுசெய்த ஒரு மாற்றம்) பதிவாகிவிடும். கிட்டில் கிளை என்பது நகரும் சுட்டி மட்டும்தான், ஃபாஸ்ட் ஃபார்வர்டாக, அதாவது தனி இணைப்புக் கமிட் இல்லாமல் சுட்டியை மட்டும் முன்னே நகர்த்தி, இணைத்துவிட்டு கிளையை அழித்தால், ஆறு மாதம் கழித்து அந்த வரி எந்த வேலைக்காக எழுதப்பட்டது என்று கமிட் குறிப்பை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வேறு கிளைக்கு நகலெடுத்தால்: மெர்குரியலின் கிராஃப்ட் (graft) கட்டளை மூலக் கமிட்டின் அடையாளத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். கிட்டில் அதே வேலையைச் செய்யும் செர்ரி பிக் (cherry-pick) கட்டளையில் '-எக்ஸ்' (-x) போட்டால்தான் மூலத்தைச் சொல்லும் வரி கமிட் குறிப்பில் வரும், இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

யார் எழுதியது, யார் சேர்த்தது: இங்கே கிட் மேல், இரண்டு பெயரையும் தனித்தனியாக வைக்கிறது.

சுத்தம்: மெர்குரியல் கிளையை மூடலாம், பெயரை அழிக்க முடியாது.

பல வெளியீடுகளை வருடக்கணக்கில் பராமரிக்கும் குழுவுக்கு மெர்குரியல். தினம் பத்து குட்டிக் கிளை திறந்து மூடுபவர்களுக்கு கிட், ஆனால் இணைப்புக்குத் தனிக் கமிட் வரும்படி '--நோ-எஃப்எஃப்' (--no-ff) போட்டு இணையுங்கள்.