"ஒரு நாளைக்கு 12 கிலோ" என்ற வார்த்தையை நம்பி ஐஸ் மேக்கர் வாங்கிவிடாதீர்கள்

வீட்டில் நாலு பேர் கூடும்போது உதவும் என்று ஐஸ் மேக்கர் தேடுகிறவர்களும், சின்னதாக ஒரு பார் வைக்கப் போகிறவர்களும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்துவிட்டேன். நீங்களும் ஏமாற வேண்டாம்.

கடையில் நான் கேட்டது ஒரே கேள்விதான். "இருபது பேர் வருவாங்க, ஒரு சாயங்காலத்துக்குத் தாங்குமா?" விற்பனையாளர் பெட்டியில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்: 24 மணி நேரத்தில் 12 கிலோ. "தாராளமா தாங்கும் சார், மிச்சமே இருக்கும்" என்றார்.

அங்கேயே வகுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மணிக்கு அரை கிலோ. நாலு மணி நேர விருந்துக்கு 2 கிலோ, அதாவது ஆளுக்கு 100 கிராம். ஒரு டம்ளரோடு தீர்ந்துவிடும். ஆளுக்கு அரை கிலோவாவது வேண்டும். அந்த 12 கிலோவும் குளிர்ந்த அறையில், குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வரும் கணக்கு. ஆள் நிறைந்து புழுங்கும் அறையில் இன்னும் குறையும்.

சரி, முந்தின இரவே ஓடவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த அடி அங்கேதான் விழுந்தது. மேசைமேல் வைக்கும் இந்தச் சின்ன மெஷின்களில் ஐஸ் விழும் கூடை ஃப்ரீசர் இல்லை. கொஞ்ச நேரம் குளிர் தாங்கும், அவ்வளவுதான். கூடை கொள்வதும் ஒரு கிலோவுக்குள்தான், நிறைந்ததும் மெஷின் நின்றுவிடும். காலையில் மூடியைத் திறந்தால், கட்டிகள் ஓரமெல்லாம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே தண்ணீரைத்தான் மெஷின் திரும்ப உறையவைக்கிறது. கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஐஸும் பெட்டியில் இருந்த படம் மாதிரி கண்ணாடியாக இல்லை. குளிர்ந்த உலோக விரல்கள் தண்ணீரில் முங்கி நிற்க, அவற்றைச் சுற்றி ஐஸ் படிகிறது. அதனால் நடுவில் ஓட்டை, நிறம் பால் வெள்ளை, கையில் எடுத்தால் லேசு. பானத்தில் போட்டதும் சீக்கிரம் கரைந்து சுவையை நீர்க்கவைத்துவிடும். தெளிவான, கெட்டியான ஐஸ் வேண்டுமென்றால் குளிர்ந்த தகட்டின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே அடுக்கடுக்காக உறையும் வகை வேண்டும். அதற்குப் பெரும்பாலும் தண்ணீர் இணைப்பும் வடிகாலும் தேவை. பார் வைக்கிறவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது இதற்கப்புறம்தான். "கவுன்டருக்கு அடியில அலமாரியில வச்சிடுங்க, அழகா இருக்கும்" என்று யோசனை சொன்னதே அந்த விற்பனையாளர்தான். வைத்தேன். மெஷினின் வெப்பம் பின்பக்கமாக வெளியேறுகிறது, அலமாரியில் அது போக வழியில்லை. மூன்றாவது வாரம் கம்ப்ரஸர் சூடேறி நின்றுபோனது. வாரன்டி கேட்டால், "மூடிய இடத்தில் வைத்திருக்கிறீர்கள், செல்லாது" என்று பதில். கடையிலோ, "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். வாய்வார்த்தைதானே, என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

அலமாரிக்குள் வைக்க வேண்டுமானால் முன்பக்கமாக வெப்பம் விடும் வகையைத்தான் வாங்க வேண்டும். விற்பவர் "வைக்கலாம்" என்றால் அதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்கோ பாருக்கோ வாங்குகிறவர்கள் வாரன்டி அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழுதாகும் அன்று உங்களுக்கும் என் கதிதான்.

கைக்காசு போட்டுத்தான் பழுது பார்த்தேன். இப்போது மெஷின் திறந்த மேசையில் இருக்கிறது. விருந்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, கூடை நிறைய நிறைய அள்ளிப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவைக்கிறோம். கடைக்கு எழுதிய புகாருக்கு இன்னும் பதில் இல்லை.