ஒரே கண்ணாடிக்குள் ஆட்டமும் படமும்: பழைய பிங்கோ பின்பால்களில் எது மேல்?

காசு போட்டு ஆடும் பின்பால் என்ற பந்து இயந்திரத்தைச் சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது ஃபிளிப்பர்தான், அதாவது பந்தை அடிக்கும் சின்ன மட்டை. பந்து கீழே நழுவப் போகிற நேரத்தில் பொத்தானைத் தட்டி மேலே அனுப்புவோம். பிங்கோ பின்பாலில் ஃபிளிப்பரே கிடையாது. சாய்ந்த பலகையில் 25 குழிகள், 1 முதல் 25 வரை எண்கள். கையில் ஐந்து பந்து. ஸ்பிரிங் வைத்த கோலை இழுத்து விட்டால் பந்து உச்சிக்குப் போய், ரப்பர் முளைகளிலும் ஸ்பிரிங்குகளிலும் முட்டி மோதி இறங்கி, ஏதாவது ஒரு குழியில் உட்காரும். அந்த எண், நமக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் படக் கண்ணாடியில் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எரியும். மூன்று, நான்கு, ஐந்து எண்கள் ஒரே வரிசையில் எரிந்தால் வெற்றி. எந்தக் குழியிலும் விழாமல் அடி வரை உருண்டு வந்த பந்து நமக்கே திரும்பக் கிடைக்கும், மறுபடி விடலாம்.

சின்ன வயதில் ஆணி அடித்த பேகடெல் பலகையில் கோலிகுண்டு விட்டு ஆடியவர்களுக்கும், கல்யாண வீட்டில் ஹவுசி சீட்டு வாங்கி எண் அடித்தவர்களுக்கும் இது சட்டென்று புரியும். இரண்டையும் சேர்த்துச் செய்த இயந்திரம்தான் இது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஃபிளிப்பர் பின்பாலில் ஆட்டம் நடப்பது பலகையில். கண்ணாடி பெரும்பாலும் ஓவியருக்குச் சொந்தம். பிங்கோவில் எண் கட்டம், கிடைக்கும் தொகை, சிறப்பு வசதிகள் எல்லாமே கண்ணாடியில் இருக்கின்றன. பலகையோ இயந்திரத்துக்கு இயந்திரம் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அதனால் ஆட்டத்தை வடிவமைத்தவரும் படம் வரைந்தவரும் ஒரே கண்ணாடிக்குப் போட்டி போட்டார்கள். ஒருவருக்குக் கிடைத்த இடம் மற்றவருக்கு நஷ்டம்.

1951 ஜனவரியில் அமெரிக்காவில் ஜான்சன் சட்டம் வந்தது. ஸ்லாட் மெஷின்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை. அதே ஆண்டில் சிகாகோவின் இரண்டு நிறுவனங்கள் பிங்கோ பின்பாலைச் சந்தைக்குக் கொண்டுவந்தன: யுனைடெட் ஏ-பி-சி என்ற இயந்திரத்தை, பாலி பிரைட் லைட்ஸ் என்ற இயந்திரத்தை. சுழலும் உருளை கிடையாது. ஜெயித்தால் காசு கொட்டாது, ரீப்ளேதான், அதாவது இலவச மறு ஆட்டம்தான் ஏறும். அந்த ரீப்ளேக்களை மதுக்கடைக்காரர் பணமாக எண்ணிக் கொடுப்பது தனிக் கதை. சூதாட்டம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கூலிப் பணத்தை இதில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த இயந்திரங்களின் அழகைப் பேச எனக்கு மனம் வரவில்லை. அப்படியும் பேசுகிறேன், ஏனென்றால் இவற்றில் இருந்த யோசனையும் கைவேலையும் அவ்வளவு.

ஆறு கட்டம்

பிரைட் லைட்ஸ் இந்த வகை. கண்ணாடியில் ஆறு கட்டங்கள். எல்லாவற்றிலும் அதே 25 எண்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு அடுக்கு. ஒரு காசு போட்டால் ஒரு கட்டம் உயிர் பெறும். ஆறு காசு போட்டால் ஆறும்.

இதன் பலம், பார்த்தவுடன் புரிந்துவிடும் என்பது. ஒரு பந்து விழுந்ததும் ஆறு இடத்தில் விளக்கு எரியும். எந்தக் கட்டத்தில் நெருங்குகிறோம் என்று கண் தேடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்துகள் முழுக்கத் தற்செயலாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், 25 குழிகளில் ஐந்து பந்து உட்கார 53,130 வழிகள். ஒரு கட்டத்தில் குறுக்கே 5, நெடுக்கே 5, மூலைவிட்டம் 2 என 12 வரிசைகள். ஐந்தும் ஒரே வரிசையில் விழ ஏறக்குறைய 4,428 ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு. ஆறு கட்டத்தையும் வாங்கினால், வரிசைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வரையில், 738க்கு ஒன்று. காசு ஆறு மடங்கு, வாய்ப்பும் ஆறு மடங்கு. நேர்மையான பேரம் என்று சொல்லலாம். ஆனால் முதல் பந்தை விடும் முன்பே முடிவுகளை எல்லாம் எடுத்து முடித்துவிடுகிறோம். பிறகு மிச்சம் இருப்பது கை வேலை மட்டும்.

அந்தக் கை வேலை சாதாரணம் இல்லை. பந்து ஒரு குழியின் விளிம்பில் தயங்கும்போது பெட்டியின் ஓரத்தில் உள்ளங்கையால் மெல்ல ஒரு தட்டு. அது பக்கத்துக் குழிக்கு உருளும். கொஞ்சம் அதிகமானால், பெட்டியை அதிகம் அசைத்ததைக் காட்டும் ‘டில்ட்’ விளக்கு எரிந்து ஆட்டமே போய்விடும். எல்லா பிங்கோவுக்கும் பொதுவான இந்தத் திறமையைத்தான் பழைய ஆட்டக்காரர்கள் பெருமையாகப் பேசினார்கள்.

படம்? ஆறு கட்டம் வந்து உட்கார்ந்த பிறகு ஓவியருக்கு என்ன மிஞ்சும்? ஓரங்களும் இடைவெளிகளும்தான். இந்த வகைக் கண்ணாடியைப் படம் என்று சொல்வதைவிட, அழகாக அச்சிட்ட கணக்கேடு என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒற்றைக் கட்டம், நகரும் எண்கள்

அடுத்த யோசனை: ஒரே ஒரு கட்டம் வைப்போம், கூடுதல் காசு போடப் போட அந்த ஒன்றின் மதிப்பை ஏற்றுவோம். பாலியில் பெரும்பாலான பிங்கோக்களை வடிவமைத்தவர் டான் ஹுக்கர். ஒரு காசு போட்டதும் பெட்டிக்குள் தொடுமுனைத் தட்டுகள் சுழலும். அவை எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து வெற்றித் தொகை ஏறலாம், ஒரு எண் முன்கூட்டியே எரியலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். மனம் இருக்கும் வரை காசு போடலாம். அதாவது முதல் பந்துக்கு முன்பே ஓர் ஆட்டம் முடிந்திருக்கும்.

இதற்குள் ரிஃப்ளெக்ஸ் யூனிட் என்று ஒரு பாகம் உண்டு. யாராவது நிறைய ஜெயித்தால் அது பின்வாங்கி, அடுத்தவருக்குச் சலுகைகள் கிடைப்பதைக் கடினமாக்கும். காசு விழ விழ மறுபடி தளர்த்தும். சிப் கிடையாது, நிரல் கிடையாது. ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச், மோட்டார், தொடுமுனைகள் மட்டுமே. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கடையின் வரவு செலவை நினைவில் வைத்துக்கொண்ட பெட்டி. நியாயமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பொறியியலாகப் பார்த்தால் வியப்பு குறையவே இல்லை.

1950களின் நடுவில் இந்த ஒற்றைக் கட்டம் அசையத் தொடங்கியது. மேஜிக் லைன்ஸ் உள்ள இயந்திரத்தில் ஒரு நெடு வரிசையை மேலோ கீழோ ஓர் இடம் தள்ளலாம். மேஜிக் ஸ்கொயர்ஸ் உள்ளதில் நான்கு எண்கள் கொண்ட சிறு சதுரத்தைச் சுழற்றலாம். மூன்று எண் ஒரே வரிசையில் எரிகிறது, நான்காவது ஒரு படி கீழே கிடக்கிறது என்றால், அந்த நெடு வரிசையைத் தூக்கி நான்காக்கலாம். ஆனால் தூக்கும்போது ஏற்கெனவே சேர்ந்திருந்த இன்னொரு வரிசை உடையலாம். அதோடு நான்காவது பந்துக்கு முன், அல்லது ஐந்தாவதுக்கு முன் என்று கெடு உண்டு. இனி எந்தக் குழி நமக்கு வேண்டும், எந்தக் குழியை நம் கையால் எட்ட முடியும் என்பதை யோசித்துக்கொண்டே கட்டத்தை மாற்ற வேண்டும். பந்து ஓட்டத்தின் நடுவில் மூளைக்கு வேலை வந்துவிட்டது.

கூடுதல் பந்துகளும் இருந்தன. ஐந்தாவது பந்துக்குப் பிறகு காசு போட்டு ஆறு, ஏழு, எட்டு என மூன்று பந்து வரை முயன்று பார்க்கலாம். போட்ட காசுக்குப் பந்து கிடைத்தே தீரும் என்று உறுதி இல்லை. கிடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? எட்டுப் பந்தும் கையில் இருந்தால், ஒற்றைக் கட்டத்தில் ஐந்தும் வரிசையாகும் வாய்ப்பு 4,428க்கு ஒன்றிலிருந்து 79க்கு ஒன்றாகத் தாவுகிறது. அந்த மூன்று பந்துக்காக ஏன் மனிதர்கள் காசைக் கொட்டினார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஓவியத்துக்கும் இதுதான் பொற்காலம். நடுவில் ஒரு கட்டம், சுற்றிலும் கொஞ்சம் இடம். பெயர்களைப் பாருங்கள். பாலி: கோனி ஐலண்ட், அட்லாண்டிக் சிட்டி, பாம் பீச், யாட் கிளப், பாம் ஸ்பிரிங்ஸ், மயாமி பீச். யுனைடெட்: ரியோ, தஹிட்டி, ஹவானா, மெக்சிகோ, ஹவாய். 1954இல் சிங்கப்பூர் என்றே ஒன்று. இரண்டும் விற்றது விடுமுறைக் கனவைத்தான். ஆனால் பாலி காட்டியது பஸ்ஸோ ரயிலோ பிடித்தால் போய்விடக்கூடிய அமெரிக்கக் கடற்கரை; யுனைடெட் காட்டியது கடல் கடந்த ஊர். சிகாகோவின் குளிரில் ஒரு மதுக்கடை மூலையில் நிற்பவனுக்கு எது அதிகம் ஏக்கம் தந்திருக்கும்? எனக்கு யுனைடெட்டின் பெயர்கள்தான் பிடித்திருக்கின்றன. பயணம் போக வாய்ப்பே இல்லாதவன் முன்னால் ஒரு தொலைதூர ஊர் விளக்கெரிந்து நிற்பதில் ஒரு உருக்கம் இருக்கிறது.

இரண்டிலுமே திரும்பத் திரும்ப வருவது குளியலுடைப் பெண்கள், நடனப் பெண்கள். ஆண்கள் கூடும் இடத்துக்காக ஆண்கள் செய்த பொருள் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. பெண்ணை அலங்காரமாக மட்டும் வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அச்சு வேலை தனியாகப் பேச வேண்டியது. கண்ணாடியின் பின்பக்கத்தில் படத்தைத் தலைகீழ் வரிசையில், அதாவது முன்னால் தெரிய வேண்டிய நிறத்தை முதலில் வைத்து, ஒவ்வொரு நிறமாகச் சில்க்ஸ்கிரீனில் ஏற்றுவார்கள். எங்கே வெளிச்சம் ஊடுருவ வேண்டுமோ அங்கே மெல்லிய மை, எங்கே கூடாதோ அங்கே கெட்டி மை. சிகாகோவின் அட்வர்டைசிங் போஸ்டர்ஸ் நிறுவனம் இந்த வேலைக்குப் பெயர் போனது. பின்னால் எரியும் பல்புகளின் சூட்டில் வருடக்கணக்கில் காய்ந்து மை செதில் செதிலாக உரியும். இன்று முழு நிறத்தோடு ஒரு கண்ணாடியைப் பார்க்கக் கிடைப்பதே அரிது.

மேஜிக் திரை

1958இல் வந்த பாலியின் கார்னிவல் குயின் போன்ற இயந்திரங்களில் எண்கள் அப்படியே நிற்க, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நிறத் திரை நகர்கிறது. காசு போடும்போது சில எழுத்துக்கள் வரிசையாக எரியும். எந்த எழுத்து வரை எரிகிறதோ அதுவரை திரையைப் பொத்தானால் நகர்த்தலாம். நகர நகர, எந்த எண் எந்த நிறப் பகுதிக்குள் வருகிறது என்பது மாறும். எண்கள் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரே நிறப் பகுதிக்குள் மூன்றோ நான்கோ ஐந்தோ சேர்ந்தால் போதும். சிவப்பு, மஞ்சள், பச்சை என ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தொகை ஏணி. சிவப்பில் மூன்று எண்ணை வைத்துக்கொள்வதா, இன்னும் ஓர் இடம் நகர்த்திப் பச்சையில் நான்கு ஆக்குவதா? பச்சைக்கான தொகை இப்போது எவ்வளவு ஏறியிருக்கிறது? கெடு முடிய இன்னும் எத்தனை பந்து?

கணினியில் இந்தப் பழைய இயந்திரங்களை ஆட வைக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. அதில் ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் பத்து ஆட்டம் ஒன்றுமே புரியாது. அப்புறம் விட முடியாது. ஆறு கட்டத்தில் விளக்கு எரிவதை வேடிக்கை பார்க்கிறோம். இங்கே ஒவ்வொரு பந்துக்கும் ஒரு முடிவை நாமே எடுக்கிறோம். ஆட்டம் என்று பார்த்தால் எனக்கு இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. ஆனால் மென்பொருளில் பெட்டியைத் தட்டும் உள்ளங்கையின் உணர்வு வராது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தது படம். மூன்று நிற ஏணி, எழுத்து வரிசை, கூடுதல் பந்துக்கான இடம், நடுவில் திரை. ஓவியரின் பெண்ணும் கூடாரமும் ஓரத்தில் ஒடுங்கி நிற்கின்றன. விளக்கு எரியும்போது திரையின் நிறங்களே ஒரு அழகு என்பது உண்மை. விளக்கை அணைத்துவிட்டால், சுவரில் மாட்டி ரசிக்க அதில் அதிகம் இல்லை.

ஃபிளிப்பரோடு வைத்துப் பார்த்தால்

காட்லீப் நிறுவனம் 1947இல் ஹம்ப்டி டம்ப்டியில் ஃபிளிப்பரைக் கொண்டுவந்தது. 1950களில் அந்த நிறுவனத்தின் கண்ணாடிகளை வரைந்த ராய் பார்க்கருக்கு அகலமான இடம் கிடைத்தது. மூலைக்கு மூலை ஒரு சின்னக் கதை, ஒரு வேடிக்கை. படம் என்ற போட்டியில் பிங்கோ அவர் பக்கத்தில் நிற்க முடியாது, நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கரின் படம் ஆட்டத்துக்கு மேலே தனியாக நிற்கிறது. ஆடும்போது நிமிர்ந்து அதைப் பார்க்க நேரம் இல்லை, கண் ஃபிளிப்பரை விட்டு நகராது. பிங்கோவில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் தலை நிமிர்ந்தே ஆக வேண்டும். ஓவியம் கம்மிதான், ஆனால் முழுக்கப் பார்க்கப்படுகிறது.

1957இல் கோர்பன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சூதாட்டத்துக்குப் பயன்படும் பின்பாலுக்கும் ஸ்லாட் மெஷினுக்கான 250 டாலர் வருடாந்திர வரி பொருந்தும் என்றது. 1962இல் வந்த சட்டம் ஜான்சன் சட்டத்தின் வலையை இன்னும் விரித்தது. பாலி மட்டும் விடாமல் பிங்கோ செய்துகொண்டிருந்தது. அவற்றில் நிறைய பெல்ஜியத்தில் கஃபே எனப்படும் மதுக்கடைகளுக்குப் போயின. அந்த நாட்டின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பிங்கோவுக்கு அந்தக் கடைகளில் இடம் வைத்திருக்கிறது.

வாங்கவோ ஆடிப் பார்க்கவோ யாராவது கேட்டால் என் பதில் இது. ஒரு மாலை நேரம், நண்பர்கள் கூட்டம், யாருக்கும் விதி தெரியாது என்றால் ஆறு கட்டம். தனியாக உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டு ஆட மேஜிக் திரை. வீட்டில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ள முடியும் என்றால், மேஜிக் லைன்ஸோ ஸ்கொயர்ஸோ உள்ள, 50களின் நடுக்கால ஒற்றைக் கட்டம். அதில் யோசிக்கவும் வேலை இருக்கிறது, பார்க்கவும் படம் மிஞ்சியிருக்கிறது. வாங்கும் முன் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ரிலேயைச் சுத்தம் செய்யலாம், மோட்டாரைச் சரி செய்யலாம். உதிர்ந்த மையை ஒட்ட வைக்க முடியாது.