புயல் நேரத்தில் நகராட்சி சேவை: 5-க்கு 3

எங்கள் நகராட்சி இந்தப் புயலைச் சமாளித்த விதத்தில் பாராட்டவும் இருக்கிறது, திட்டவும் இருக்கிறது. எச்சரிக்கை குறுஞ்செய்தி முதல் நாளே வந்துவிட்டது, முகாம் எங்கே, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று தெளிவாகவே இருந்தது, அது சரி. விழுந்த மரத்தை விடிவதற்குள் அறுத்து வழிவிட்டார்கள், களத்தில் நின்ற ஆட்களைக் குறை சொல்லவே முடியாது. சொதப்பல் எல்லாம் மழைக்கு முன்னாடி நடந்தது. மழைநீர் வடிகாலைத் தூர்வாரி, அள்ளிய சேற்றை அப்படியே ஓரத்தில் குவித்துவிட்டுப் போனார்கள். முதல் மழையிலேயே பாதி திரும்ப உள்ளே போய்விட்டது. சிறுபாலத்தின் வாயில் இருக்கும் கம்பித் தடுப்பில் பிளாஸ்டிக் பையும் தெர்மாகோலும் அடைத்துக்கொண்டால், உள்ளே குழாய் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்? அப்புறம் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதுதான், டீசல் செலவு வேறு. சுரங்கப்பாதையை மூடவும் தாமதம். ஓடுகிற தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்ன காரை இழுத்துவிடும், அங்கே ஒரு ஆளைக்கூட நிறுத்தாதது பெரிய தப்பு. உதவி எண்ணில் உடனே எடுத்தார்கள், ஆனால் புகாருக்குப் பதிவு எண் தரவில்லை, மறுபடி கூப்பிட்டால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.