நின்று வேலை செய்யும் மேசை: சில வருஷம் பழகிய பிறகு

கொரோனா முடிந்து ஆபீஸ் திறந்த பிறகும் நான் பெரும்பாலும் கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் பெங்களூரு. கீழ்முதுகில் வலி வந்து வந்து போக ஆரம்பித்தபோது வாங்கியது இந்த மோட்டார் மேசை. பட்டனை அழுத்தினால் ஏறும், இறங்கும். புதிதாக வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனங்கள் நிறையவே கிடைக்கின்றன. இது சில வருஷம் புழங்கிய பிறகு எழுதுவது.

வலி பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் அதற்குக் காரணம் நின்றது இல்லை, ஒரே நிலையில் இருக்காமல் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் அம்மா காலையிலிருந்து சமையல் மேடை முன்னால் நிற்கிறவர், அவருக்கும் இடுப்புவலி உண்டு. நம் ஊர் கிரானைட் பட்டறைகளில் ஷிப்ட் முழுக்க நின்று பாலிஷ் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிற்பதுதான் மருந்தென்றால் இவர்களுக்கெல்லாம் முதுகுவலியே வந்திருக்கக் கூடாது.

1960-களில் ஸ்வீடன் மருத்துவர் நாச்செம்சன், முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்பது அவர் கண்டது. 1999-இல் வெளிவந்த, ஜெர்மனியைச் சேர்ந்த வில்கே குழுவின் அளவீடு வேறு மாதிரி இருந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), சாயாமல் இயல்பாக உட்காரும்போது 0.46. பெரிய வித்தியாசமே இல்லை. நின்றபடி முன்னால் குனிந்தபோதோ 1.1-க்கு ஏறியது. அளக்கப்பட்டவர் ஒரே ஆள், அதனால் அந்த எண்ணை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் என் முதுகு சொல்வதும் இதுதான்: நிற்கிறோமா உட்காருகிறோமா என்பதைவிடக் குனிகிறோமா என்பதுதான் முக்கியம். அம்மா பாத்திரம் கழுவும் தொட்டியும் அவருக்குத் தாழ்வானது. வலி அங்கேதான் கூடுகிறது.

அதனால் வெறும் லேப்டாப்பை மேசைமேல் வைத்து நின்றால் பயனில்லை. கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து தொங்கும், கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். தனி கீபோர்டு, மவுஸ் கட்டாயம் வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். வெறுங்காலோடு நிற்பவர் வெறுங்காலோடு நின்றே அளக்க வேண்டும்.

இந்த வெறுங்கால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் ஷூ போட்டு நிற்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. தரையோ கிரானைட், இல்லாவிட்டால் டைல்ஸ். கல் தரையில் வெறுங்காலோடு நின்றால் முதலில் குதிகால் வலிக்கும். அதைத் தவிர்க்க நம்மை அறியாமலே முட்டியைப் பின்னால் இறுக்கிப் பூட்டிக்கொள்வோம், வயிறு முன்னால் தள்ளும், கீழ்முதுகு வளையும். வலி அப்படித்தான் மேலே ஏறுகிறது. கெட்டியான ரப்பர் மேட் ஒன்று போட்ட பிறகு எனக்கு இது தீர்ந்தது. கால் புதையும் அளவுக்கு மெத்தென்று இருப்பது உதவாது. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்வதும் நல்லது.

அப்புறம் மணை. சாப்பிட உட்காரும் அதே மரமணைதான். ஒரு காலை அதன்மேல் வைத்து, சற்று நேரம் கழித்து மற்றக் காலை மாற்ற வேண்டும். கால் உயரும்போது இடுப்பின் முன்பக்கத் தசை தளர்கிறது, கீழ்முதுகின் வளைவும் குறைகிறது. மேசைக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் மணைக்குச் செலவே இல்லை, ஆனால் அது தரும் ஆறுதல் பெரிது.

எவ்வளவு நேரம் நிற்பது? அலுவலக வேலை செய்பவர்கள் நாளுக்கு 2 மணி நேரம் நிற்பது, மெல்ல நடப்பது என்று ஆரம்பித்து 4 மணி நேரம் வரை கூட்டலாம் என்று 2015-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் நிபுணர் குழு ஒன்று எழுதியது. அதுவும் ஒரேயடியாக அல்ல, பிரித்துப் பிரித்து. நான் மீட்டிங்குகளுக்கு நிற்கிறேன், கூர்ந்து எழுத வேண்டிய வேலைக்கு உட்காருகிறேன். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கவாவது நகர்ந்துவிடுவேன். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். பெங்களூரு நாளில் ஓசூர், அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் பஸ்ஸில் உட்கார்ந்து போய் வந்தால் மறுநாள் காலை முதுகு இன்னும் இறுகித்தான் இருக்கிறது. அதை எந்த மேசையாலும் தடுக்க முடியாது.

மேசையைப் பற்றி: முழு உயரத்தில் டைப் செய்தால் லேசாக ஆடும், சுவரை ஒட்டிப் போட்டதும் குறைந்தது. கரன்ட் போனால் இருந்த உயரத்திலேயே நின்றுவிடும், அதனால் இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். கரன்ட் விட்டு வந்தபின் சில சமயம் ஏற மறுக்கும். கீழிறங்கும் பட்டனை அடிவரை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மேலே கிரானைட் பலகை போட நினைப்பவர்களுக்கு: 4 அடிக்கு 2 அடி, 18 மில்லிமீட்டர் பலகையே 35 கிலோ வரும். மோட்டார் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். என் மேசையில் மரப்பலகைதான்.

வலி காலில் இறங்கினால், கால் மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தால் மேசை தேட வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

மோட்டார் மேசைக்குப் பணம் போடும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் முழங்கை உயரத்தை அளந்து, அதிலிருந்து இருக்கும் மேசையின் உயரத்தைக் கழித்து, அந்த அளவுக்கு ஒரு மர ஸ்டாண்டு செய்து தரச் சொல்லுங்கள். எந்தத் தச்சரும் செய்து கொடுப்பார். ஓரிரு மாதம் அதை ஏற்றி இறக்கி, நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்து பாருங்கள். அந்தப் பழக்கம் நிலைத்தால் பிறகு மோட்டார் மேசை வாங்கலாம்.