20 டன் பொக்லைன்: 5,000 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு

20 டன் வகுப்புப் பொக்லைன் ஒன்றைப் பழையதாக வாங்கி மண்வேலைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் கையில் மட்டும் 5,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது, இந்த வகுப்பில் பெரிய பெயர்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தோண்டும். 150 குதிரைத்திறன் சொச்சம், ஒரு கன மீட்டரை ஒட்டிய பக்கெட். விற்பவர் இதைத்தான் விரிவாகச் சொல்வார். வாங்கிய பிறகு இந்த எண்கள் ஞாபகத்துக்கே வருவதில்லை.

தினமும் கூடவே வருவது வேறு விஷயங்கள். டீசலில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடும் திருகு கைக்கு எட்டுமா? ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவே காற்றுக் குழாய் நுழையுமா? என் வண்டியில் ஃபில்டர்களைத் தரையில் நின்றபடியே கழற்றலாம், அவை ஒழுங்காக மாறுகின்றன. இன்ஜின் ஆயில் அளவுகோலை மட்டும் மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தாயா என்று ஆப்பரேட்டரைத் தினமும் நச்சரிக்க வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எட்டாத இடத்தில் இருப்பதை யாரும் தினமும் பார்க்க மாட்டார்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இதுதான்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டை விட்டுவிட்டுச் செயின் பக்கம் குனியுங்கள். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகியிருக்கிறதா, வண்டியைச் செயின்மேல் தாங்கும் ரோலரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். செயின் வண்டிகளில் பராமரிப்புச் செலவில் பாதிவரை இந்த அடிப்பாகமே தின்றுவிடும். மணிநேர மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். பெடல் ரப்பர், லீவர் பிடி, சீட் ஓரம் மூன்றும் தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

சேறான இடத்தில் வேலை செய்தால் மண் அப்பிச் செயின் இறுகிவிடும், கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதைச் செய்யும் கிரீஸ் வால்வு சின்னதுதான், ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும் அளவு. மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. முகத்தையோ உடம்பையோ அதற்கு நேராக வைக்கவும் கூடாது.

ஹைட்ராலிக் ஹோஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகை வண்டியில் மெயின் பிரஷர் 350 பார் அளவுக்கு ஏறும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் சொட்டாது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புகைபோல் பீய்ச்சும். எங்கே கசிகிறது என்று கையால் தடவினால் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தியதுபோல்தான் இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அதனால் சின்னக் காயம்தானே என்று காத்திருக்காமல், உள்ளே போனது ஹைட்ராலிக் ஆயில் என்று சொல்லி உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸ் ஓரமாக அதை நகர்த்தினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவி ஆனில் இருக்க லீவர்களை நாலாபக்கமும் அசைத்து அழுத்தத்தை விட வேண்டும்.

அப்புறம் குவிக் கப்ளர், அதாவது பக்கெட்டைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் பூட்டு. பக்கெட்டையும் பாறை உடைக்கும் பிரேக்கரையும் மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. ஆனால் சில மாடல்களில் பாதுகாப்புப் பின்னை ஆளே இறங்கிப் போய்ச் செருக வேண்டும். அவசரத்தில் இறங்க மாட்டார்கள், பின் கேபினுக்குள்ளேயே கிடக்கும். பக்கெட் கழன்று கீழே இருந்தவர் மேல் விழும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. பூட்டியதைச் சீட்டில் இருந்தே பார்க்க முடிகிற கப்ளர்தான் வாங்க வேண்டும். எங்கள் வழக்கம்: மாட்டியதும் பக்கெட்டைச் சுருட்டித் தரையில் அழுத்தி நன்றாக ஆட்டிப் பார்ப்போம். அதன் பிறகே ஆட்கள் பக்கத்தில் வரலாம்.

மாற்று ஆப்பரேட்டர் வரும் நாளில் லீவர் அமைப்பைக் கேட்காமல் சாவி கொடுப்பதில்லை. இரண்டு முறைகள் உண்டு. ஐஎஸ்ஓ முறையில் பூம் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) வலது கையில், ஆர்ம் (அதன் நுனியில் பக்கெட்டைப் பிடிக்கும் கை) இடது கையில். எஸ்ஏஇ முறையில் இரண்டும் இடம் மாறும். பழகிய கை யோசிக்காது. மேல்பாகம் திரும்பி ஸ்ப்ராக்கெட் முன்பக்கம் வந்துவிட்டால் முன்னே போவதும் பின்னே போவதும் தலைகீழாகிவிடுவது தனி. இறங்கும்போது மற்ற லீவர்கள் வேலை செய்யாமல் தடுக்கும் சிவப்பு லாக் லீவரைப் போட வைப்பதுதான் பெரிய பாடு. அதைப் போடாவிட்டால் சட்டைக் கை ஜாய்ஸ்டிக்கில் மாட்டினாலே பூம் சுழலும்.

குழாய் தூக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. தூக்கலாம், ஆனால் கேபினில் ஒட்டியிருக்கும் சுமை அட்டவணையைப் பார்த்துவிட்டு. அதில் இருப்பது கவிழும் சுமையில் 75 சதவீதம், அல்லது ஹைட்ராலிக் திறனில் 87 சதவீதம், எது குறைவோ அது. அதுவும் சமதரைக்குத்தான். பெரும்பாலும் பக்கவாட்டில் அந்த எண் நன்றாகவே இறங்கும்.

சர்வீஸில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 500 மணிக்கு இன்ஜின் ஆயில், 1,000 மணிக்கு ஹைட்ராலிக் ஃபில்டர், கையேட்டில் இருக்கிறபடி. உபயோகமான ஒன்று, ஒவ்வொரு முறையும் ஆயில் சாம்பிளைப் பரிசோதனைக்கு அனுப்புவது. ஒரு தடவை சிலிக்கான் அளவு கூடியிருந்தது, அதாவது தூசி உள்ளே போகிறது. தேடிப் பார்த்தால் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது. இன்ஜின் தேய்வதற்கு முன் தெரிந்ததே, பரிசோதனைச் செலவுக்கு அது போதும்.

டீசல் மணிக்கு 12 முதல் 16 லிட்டர், வேலையைப் பொறுத்து. சும்மா நின்று உறுமும்போதும் மீட்டர் ஓடும், சர்வீஸ் நெருங்கும். நிறுத்துவதற்கு முன் டர்போ ஆற மூன்று, நான்கு நிமிடம் போதும், அதற்கு மேல் வீண்.

பிடிக்காதது வலப்பக்கப் பார்வை. பூம் மறைப்பதால் ஒரு ஆளே நின்றாலும் தெரியாது. கூடுதலாக ஒரு கேமரா மாட்டினோம், ஆனால் சேறு பட்டால் அதுவும் குருடு. ஹெல்ப்பர் கண்ணில் படவில்லை என்றால் லீவரிலிருந்து கையை எடு என்பதுதான் இன்னும் எங்களுக்கு நடைமுறை.

இப்போது கீழ் ரோலர்கள் தேய்ந்துவிட்டன. இரண்டை மட்டும் மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். புதிய ரோலர் தேய்ந்த பழையதைவிட விட்டத்தில் பெரிதாக இருப்பதால் சுமை முழுக்க அதன்மேல் விழும், அதனால் முழு செட்டாகவே சொல்லியிருக்கிறேன்.